அம்பேல்

சௌந்தரவல்லி அந்தக் கருவியைக் கையில் வாங்கியதும் முதலில் நினைத்தது, இது என்ன இந்தக் கனம் கனக்கிறது என்பதுதான். காலையிலிருந்து புடவை விரித்த கைக்கு அரைக் கிலோ தக்காளியைத் தூக்குவதே பெரும்பாடு. இதில் விளையாட வேறு வேண்டுமாம்.

பார்க்க டிபன் டப்பா மூடியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாற்போல் இருந்தது. நடுவில் திரை. இருபுறமும் கட்டைவிரலால் உருட்டுகிற குமிழ் ஒவ்வொன்று. அதுபோக மேலே, கீழே, தோளில், முதுகில் என்று தொட்ட இடமெல்லாம் பட்டன். எதையோ தெரியாமல் அமுக்கிவிட்டாள். திரை முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்துகள் இறங்க ஆரம்பித்தன. வல்லி பயந்துபோய் கருவியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“கெடுத்துட்டேனா, ஏட்டி?”

“ஒண்ணும் கெடல. அது கம்ப்யூட்டர்லா. எந்திரிக்க நேரம் எடுக்கும். ஒன்னைய மாதிரிதான்” என்றாள் பிளெசி.

தி.நகரில் ஆறு மாடி ஜவுளிக்கடை அது. நாலாவது மாடியின் பின்புறம் ஊழியர்கள் சாப்பிடும் கூடம். வல்லி இரண்டாம் மாடி புடவைப் பிரிவு, பிளெசி மூன்றாம் மாடி குழந்தைகள் பிரிவு. இரண்டு பேருக்கும் திசையன்விளைப் பக்கம். கடை நடத்துகிற ஹாஸ்டலில் ஒரே அறை. வல்லிக்கு நாற்பது ஆகப் போகிறது. மகள் ஊரில் அக்கா வீட்டிலிருந்து பிளஸ் ஒன் படிக்கிறாள். வல்லி இங்கே காலை கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை நிற்கிறாள். அவள் வேலையை ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் ‘விற்பது’ என்று சொல்ல மாட்டாள், ‘நிற்பது’ என்றுதான் சொல்வாள்.

“இதுக்குச் சிட்டுன்னு பேரு. ஏதோ ஒரு கம்பெனி செஞ்சது. இப்ப அந்தக் கம்பெனியே இல்ல. ரிச்சி தெருவுல பழசு ரெண்டு கெடந்துச்சு, ஒனக்கும் சேத்து எடுத்துட்டு வந்தேன்” என்றாள் பிளெசி. “பின்னால ரெண்டு தகடு இருக்குல்லா? அதுல வெரல வச்சுக்கிடணும். யாரு கூடயாவது வெளாடணும். ஜெயிச்சேன்னு வையி, ஒன் அசதி பூரா அவனுக்குப் போயிரும்.”

“தோத்துட்டா?”

“அவன் அசதி ஒனக்கு வந்துரும். வெரல எடுத்தாலும் தோத்த கணக்குதான்.”

“பெறவு கம்பெனி மூடாம என்ன செய்வான்?” என்றாள் வல்லி. “ஏன், அசதியைக் காத்துல விட்டுற முடியாதா?”

“முடியாதாம். அசதிங்கிறது ஒடம்பு மூளைக்குச் சொல்லுத சேதியாம். சும்மா அழிச்சா கொஞ்ச நேரத்துல மறுபடி மொளச்சிருமாம். இன்னொரு ஆளு தலையில கட்டிறணும். அவன் படுத்துத் தூங்கிட்டா அவனுக்குள்ள கரைஞ்சு போயிரும். தூங்குத வரைக்கும் அப்படியே இருக்கும். கடைக்காரன் சொன்னான்.”

வல்லி நம்பவில்லை. ஆனால் பாதம் இரண்டும் தீயாக எரிந்துகொண்டிருந்தபோது நம்பாமல் இருப்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. விரல்களைத் தகட்டில் வைத்தாள்.

விளையாட்டு எளிது என்றாள் பிளெசி. எளிதுதான், தெரிந்தவர்களுக்கு. தெருமுனையில் தண்ணீர் லாரி நிற்கும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம். வல்லியின் பொம்மைக்கு நீலம், எங்கோ இருந்து ஆடுகிற முகம் தெரியாத எதிராளிக்குப் பச்சை. தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் பள்ளத்துக்கும் தப்பித்து, முதலில் வீட்டு வாசற்படி ஏறுகிறவர் ஜெயித்தவர். வல்லி இடது பக்கம் உருட்டினால் பொம்மை வலது பக்கம் போனது. கருவியையே தலைகீழாகப் பிடித்திருக்கிறாள் என்று பிளெசிதான் கண்டுபிடித்தாள். திருப்பிப் பிடித்ததும் பொம்மை போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வேறு பட்டனை அமுக்கினாள். அது குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கும்மி தட்ட ஆரம்பித்தது. கருவியின் முதுகில் இருந்த விசிறி உர்ரென்று சுற்றி அவள் உள்ளங்கையில் சூடு கக்கியது.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் டில்லிபாபுவின் குரல் கேட்டது. அவர் இரண்டாம் மாடி மேனேஜர். வியாசர்பாடிக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊழியர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடும்.

“நில்லு! ஏய், நிப்பாட்டு! போதும்!” என்று வல்லி கருவியிடம் கெஞ்சினாள். அது காதில் வாங்கவில்லை.

“நிப்பாட்டுன்னா நிக்காதும்மா” என்றது கருவிக்குள்ளிருந்து ஒரு குரல். வயதான ஆண் குரல். “அம்பேல்னு சொல்லு.”

“என்னது?”

“அம்பேல். சின்ன வயசுல ஓடிப் புடிச்சு ஆடுறப்ப மூச்சு வாங்கினா சொல்ல மாட்டீங்களா? அம்பேல் சொன்னவங்கள யாரும் தொடக் கூடாது. மறுபடி சொல்ற வரைக்கும் ஆட்டம் நிக்கும், விரல எடுத்தாலும் தோத்ததா ஆகாது.”

“எங்க ஊருல அப்படி ஒண்ணும் கெடையாது, சார். மூச்சு வாங்குனா வாங்கிக்கிட்டே ஓட வேண்டியதுதான்.”

எதிர்ப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. வல்லி வெட்கத்தோடு அந்தச் சொல்லைச் சொன்னாள். ஆட்டம் நின்றது. கருவியைச் செய்தவர்கள் மெட்ராஸ்காரர்கள். தங்கள் தெருவில் புழங்கிய சொல் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

டில்லிபாபு வந்தார், கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், போய்விட்டார். வல்லி மறுபடி அம்பேல் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினாள். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது பச்சைக் குடக்காரர் பள்ளத்தில் விழுந்தார். வல்லி படியேறினாள்.

முதலில் பாதத்து எரிச்சல் போனது. அப்புறம் முழங்கால், இடுப்பு. கடைசியில் கண்ணுக்குப் பின்னால் எந்நேரமும் உட்கார்ந்திருந்த ஒரு கனம் எழுந்து போனது. அது போன பிறகுதான் இத்தனை வருஷமாக அது அங்கே இருந்தது என்றே அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. சோற்றுத் தட்டின் முன்னால், பிளெசி பார்த்துக்கொண்டிருக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.

“பாவம், அந்தப் பெரியவருக்குல்லா போயிருக்கும்?” என்றாள்.

“கவலப்படாதம்மா” என்றது குரல், கொட்டாவியோடு. “எனக்கு இதுதான் வேணும்.”

அவர் பெயர் தணிகாசலம். அரக்கோணம். கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் கடைசிப் பெட்டியில் தனியாக, தூங்காமல் உட்கார்ந்து போனவர். ஓய்வு கிடைத்த பிறகும் தூக்கம் வரவில்லை. மனைவி இருந்த மட்டும் பேச்சுத் துணை இருந்தது, அவளும் போன பிறகு விடிய விடிய விட்டத்தைப் பார்ப்பதுதான். மாத்திரை போட்டால் மயக்கம் வந்தது, தூக்கம் வரவில்லை. மறுநாள் அவரே சொன்னார்: “எனக்கு அசதியே வர மாட்டேங்குதும்மா. பேப்பர் படிச்சினு, டிவி பாத்துனு இருந்தா எங்கேர்ந்து அசதி வரும்? நேத்து உன்னுது வந்துச்சு பாரு, அப்படியே வேஷ்டிகூட மாத்தாம படுத்துட்டேன். பால்காரன் வந்து தட்டினப்புறம்தான் முழிச்சேன்.”

வல்லிக்கு அதைக் கேட்டு மனம் லேசானது. யாருக்கும் பாவமில்லை. அவளுக்கு வேண்டாதது அவருக்கு வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆட்டம், கடை சாத்தியதும் ஓர் ஆட்டம். இரண்டிலும் அவளே ஜெயித்தாள். குமிழும் பட்டனும் பழகிவிட்டன. மாட்டுக்கு முன்னால் நெளிந்து போகவும், குடத்தைத் தோளுக்கு மாற்றவும் கற்றுக்கொண்டாள். தனக்குள் இப்படி ஒரு விளையாட்டுக்காரி ஒளிந்திருந்தாளா என்று அவளுக்கே ஆச்சரியம். மகளிடம் போனில் பெருமையடித்தாள். மகள் “அம்மா, போதும்” என்றாள்.

“ஒருக்கா கூட நீங்க ஜெயிக்கலையே, சார்” என்று தணிகாசலத்திடமே சொல்லிச் சிரிப்பாள்.

“வயசாயிடுச்சும்மா. கை நடுங்குது.”

கடையில் வல்லி சிட்டாகப் பறந்தாள். எத்தனை புடவை பிரித்துப் போடச் சொன்னாலும் முகம் சுளிக்கவில்லை. மாலையில் வருகிற வாடிக்கையாளருக்கும் காலை முகத்தையே காட்டினாள். டில்லிபாபு இதைக் கவனித்தார். என்ன சங்கதி என்று விசாரித்தார். பிளெசி உளறிவிட்டாள்.

அதிலிருந்துதான் பிடித்தது வினை. ஆடித் தள்ளுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகம் எங்கெங்கோ தேடிப் பழைய சிட்டுகளை வாங்கி வந்து ஒவ்வொரு மாடிக்கும் கொடுத்தது. ஊழியர் நலனுக்காக என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அடுத்த வாரமே, ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து கவுன்டருக்குப் பின்னால் போட்டிருந்த ஸ்டூல்கள் குடோனுக்குப் போயின. அசதி இல்லாதவர்களுக்கு ஸ்டூல் எதற்கு என்று கேட்டார்கள்.

எல்லாருக்கும் தணிகாசலம் கிடைப்பாரா? நிர்வாகமே எதிராளிகளை ஏற்பாடு செய்தது. எங்கோ ஊருக்கு வெளியே ஒரு கூடமாம், வரிசையாகக் கட்டில்களாம், தோற்பதற்கென்றே ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறார்களாம். பிளெசி ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் கருவியைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“என்னட்டி?”

“எதுத்தாப்புல ஒரு பிள்ளை. சின்னக் குரலு. தோத்ததும், அக்கா, இன்னிக்கு நீங்க அஞ்சாவது ஆளு, இன்னும் தூங்க விடலன்னு சொல்லிச்சு. ஒடனே யாரோ மைக்கை அமத்திட்டாங்க.” பிளெசி கையை முந்தானையில் துடைத்தாள். “எனக்கு இது வேண்டாம், வல்லிக்கா. என் காலு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது.”

வல்லி ஆறுதலாக ஏதோ சொன்னாள். தன் ஆட்டம் அப்படியில்லை என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு கணக்கு ஓடியது. முதல் மாடியில் பட்டுப் பிரிவு இருக்கிறது. அங்கே வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் விற்பவர்கள் உட்கார்ந்துதான் புடவை காட்டுவார்கள். வாடிக்கையாளரும் எதிரே உட்காருவார்கள். பட்டுக்கு அந்த மரியாதை உண்டு. அங்கே ஓர் இடம் காலியாகிறது, ஆடி முடிந்ததும் உனக்குத்தான் என்று டில்லிபாபு சொல்லியிருந்தார். ஒருநாள் லீவு போடாமல் இந்த ஆடியை ஓட்டிவிட்டால் போதும். பிறகு வேலைக்காலம் முழுக்க உட்காரலாம். வல்லி வேறு எதற்கும் சாமியிடம் வேண்டியதில்லை, அந்த மெத்தைக்கு வேண்டியிருந்தாள்.

ஆடி இரண்டாம் வாரத்தில் தணிகாசலம் கேட்டார்: “ஏம்மா, உன் இடது கால்ல ஏதாவது அடி பட்டுச்சா?”

“இல்லையே சார். ஏன்?”

“உன் அசதி வரும்போது ரெண்டு காலும் ஒரே மாதிரி கடுக்கும். நின்ன காலு அப்படித்தான் இருக்கும். இப்ப நாலஞ்சு நாளா இடது ஆடுசதையில மட்டும் வேற மாதிரி வருது. சூடா, இறுக்கிப் புடிச்ச மாதிரி.”

வல்லி புடவையைத் தூக்கிப் பார்த்தாள். கால் கொஞ்சம் வீங்கினாற்போல் இருந்தது. நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வீங்காமல் என்ன செய்யும்? அமுக்கிப் பார்த்தாள், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே, சார்.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்? தெரிய வேண்டியதெல்லாம் இங்க வந்துடுதே” என்றார் அவர். “கூட்ஸ்ல வண்டி ஓட்டுறவன் முன்னாடி இருப்பான். நடுவுல ஏதாவது பெட்டியில அச்சு சூடேறிப் புகைஞ்சா அவனுக்கு வாடை வராது. கடைசிப் பெட்டியில உட்கார்ந்துனு இருக்கிற எனக்குத்தான் வரும். நான் கொடி காட்டினா வண்டிய நிறுத்தணும். டாக்டர்கிட்ட போய்க் காட்டிட்டு வா.”

“ஆடி முடியட்டும், சார்.”

அவர் விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அதையே சொன்னார். வல்லிக்கு எரிச்சல் வந்தது. மெத்தையைப் பற்றி அவரிடம் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டுவிட்டு மறுபடி டாக்டரைப் பற்றியே பேசினார். வலிக்காத காலுக்கு லீவு கேட்டால் டில்லிபாபு என்ன சொல்வார்? அவளே டில்லிபாபுவாக இருந்தால் என்ன சொல்வாள்?

ஆடிப் பெருக்கன்று கடையில் நிற்க இடமில்லை. அன்றைய கடைசி ஆட்டத்தில் வழக்கம்போல் ஜெயித்தாள். தணிகாசலம் அன்று டாக்டர் பேச்சையே எடுக்கவில்லை. மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. வல்லி படுத்ததும் மகளைப் பற்றி நினைத்தாள், மெத்தையைப் பற்றி நினைத்தாள், தூங்கிவிட்டாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கருவியை எடுத்தாள். ஆட்டம் ஆரம்பித்தது. தண்ணீர் லாரி வந்தது. வல்லி குடத்தைக் குழாயடியில் வைக்கிறாள், பச்சைக் குடக்காரர் நிரப்பி முடித்துவிட்டார். வல்லி முதல் ஆட்டோவிடம் தடுமாறுகிறாள், அவர் அவளுக்குத் தெரியவே தெரியாத ஒரு சந்துக்குள் நுழைந்து, சுவரேறிக் குதித்து, மாட்டின் வயிற்றுக்கடியில் புகுந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் வாசற்படிக்கு முன்னால் போய் நின்றார். படியேறவில்லை. அவள் வரட்டும் என்று காத்திருந்தார்.

வல்லி வாயைப் பிளந்து பார்த்தாள்.

“சார், இவ்வளவு நல்லா வெளாடுவீங்களா?”

“ரிடையர் ஆனதுலேர்ந்து வேற என்னம்மா வேலை எனக்கு?”

“அப்ப இத்தன நாளும்…” அவளுக்குக் காது மடல் சுட்டது. “என்னைய ஒப்புக்குச் சப்பாணியா வச்சுல்லா வெளாண்டிருக்கீங்க? நான் என் பிள்ளைகிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரியுதேன்!”

“ஆமாம்மா. கோச்சுக்காத. தகட்டுலேர்ந்து விரல எடுக்காத, கேளு. நேத்து நீ குடுத்தத நான் கரைக்கல.”

“என்ன சொல்லுதீங்க?”

“தூங்கல. தூங்கினா கரைஞ்சு போயிடும். கண்ணு சொக்கினு வந்துச்சு. பிளாட்பாரத்துல போய் நடந்தேன். டீ குடிச்சேன். இந்த மாதிரித் தூக்கம் வராதான்னு எத்தினி வருஷம் ஏங்கியிருப்பேன் தெரியுமா? வந்தத நிறுத்தி வச்சேன். உன் காலு அப்படியே எங்கிட்ட இருக்கு. நான் சொன்னா நீ நம்பல. நீயே பாத்துக்க.”

“சார், வேண்டாம். கீழ கல்யாண பார்ட்டி காத்திருக்கு. ஆடி முடியட்டும் சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“என்னை மன்னிச்சிரும்மா” என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.

வல்லி கூடத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. நேற்றைய கூட்டம் முழுக்க அவள் மேல் திரும்ப ஏறியிருந்தது. அதோடு விழித்தே கழித்த அந்தக் கிழவரின் ராத்திரியும் சேர்ந்திருந்தது. அதெல்லாம்கூடத் தாங்கியிருப்பாள், தாங்கித்தானே பழக்கம். இடது கால் அப்படியில்லை. ஆடுசதைக்குள் யாரோ கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கட்டிவைத்தாற்போல் இருந்தது. அடி எடுத்து வைத்தால் தொடை வரை இழுத்தது.

கவுன்டரில் கல்யாண வீட்டு அம்மா காத்திருந்தார். சுற்றிலும் புடவைக் குவியல். வல்லி ஒரு புடவையை எடுத்தாள், பாதி விரித்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரித்துப் போட்ட புடவைகளுக்கு நடுவே, காலை நீட்டிக்கொண்டு.

“இன்னாம்மா இது?” டில்லிபாபு ஓடி வந்தார். “எழுந்திரு. கஸ்டமர் நின்னுனு இருக்காங்க, நீ உட்கார்ந்துனு இருக்க? பட்டு செக்‌ஷன் வேணுமா வேணாமா?”

வேண்டும். இத்தனை நாள் அதற்காகத்தானே நின்றாள். எழுந்திருக்கத்தான் நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

“அம்பேல், சார்.”

டில்லிபாபு அடுத்து என்னவோ சொல்ல வாயெடுத்தவர், நின்றுவிட்டார். வல்லியின் தோளைப் பிடித்து எழுப்ப நீட்டிய கையும் பாதியில் நின்றது. வியாசர்பாடிச் சந்துகளில் ஓடிப் பிடித்து ஆடிய பையன் ஒருவன் அவருக்குள் இன்னும் இருந்திருக்க வேண்டும். அம்பேல் சொன்னவளைத் தொடக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டு அம்மாவும் மெட்ராஸ்காரர்தான். அவர் குனிந்து வல்லியின் காலைப் பார்த்தார்.

“ஐயோ, ஏம்ப்பா, இந்தக் கால் எப்படி வீங்கியிருக்கு பாரு. இந்தப் பொண்ண முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

டில்லிபாபுவே போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

காலின் உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்றார்கள். அது நகர்ந்து நெஞ்சுக்குப் போயிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் என்று அந்த இளம் டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். “இவ்வளவு முத்துற வரைக்கும் வலிக்கவே இல்லையா?” என்று மட்டும் திரும்பிக் கேட்டார். வலித்தது டாக்டர், அரக்கோணத்தில் என்று சொல்லியிருக்கலாம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாம் நாள் மதியம் பிளெசி ஆரஞ்சுப் பழமும் கருவியும் எடுத்துக்கொண்டு வந்தாள். கடைக் கதையைச் சொன்னாள். இரண்டாம் மாடியில் இப்போது பெண்கள் முடியாமல் போனால் அம்பேல் என்று சொல்லிவிட்டுத் துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிடுகிறார்களாம். டில்லிபாபு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறாராம். மேலிடத்துக்குத் தெரிகிற வரைதான் இந்தக் கூத்து என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஸ்டூல் திரும்ப வரவில்லை. பட்டுப் பிரிவு இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது.

“சரி” என்றாள் வல்லி. அந்த மெத்தையை நினைத்து அவளுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்கும் தெம்பில்லை.

பிளெசி போன பிறகு கருவியைப் போட்டாள். எழுத்துகள் இறங்கி முடிகிற வரை பொறுமையாகப் பார்த்தாள். தணிகாசலம் அங்கேதான் இருந்தார்.

“கோவமா இருக்கியாம்மா?”

“இருந்துச்சு, சார். ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். டாக்டர் சொன்னத கேட்டதுக்கப்புறம் கோவப்படக் கூச்சமா இருக்கு.” தலையணையை நிமிர்த்திச் சாய்ந்தாள். “நீங்க தூங்குனீங்களா?”

“ம்.”

“பொய் சொல்லாதீங்க.”

“அன்னிலேர்ந்து இல்லம்மா. நீ என்ன ஆனியோன்னு ஒரு கவலை. விடு, எனக்குப் பழக்கம்தான்.”

“ஒரு ஆட்டம் போடுவோம், வாங்க” என்றாள் வல்லி.

இரண்டு பேரும் குடத்தை நிரப்பினார்கள். வல்லி நிதானமாகப் போனாள். அவரும் நிதானமாக வந்தார். வாசற்படிக்கு முன்னால் நீலக் குடம் நின்றது. பச்சைக் குடமும் பக்கத்தில் வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை.

“ஏறும்மா” என்றார் அவர்.

“நீங்க ஏறுங்க, சார். எனக்கு இங்க படுக்குததுதான் வேலை. ஒங்க அசதியையும் சேத்துத் தூங்கிருதேன்.”

“நல்லாயிருக்கே! நோயாளி தலையில கட்டுறதா? உன்னுத இங்க தள்ளு. நான் பாத்துக்கறேன்.”

“முடியாது.”

“நானும் ஏற மாட்டேன்.”

வெயில் வார்டின் தரையில் ஜன்னல் கம்பிகளோடு விழுந்திருந்தது. யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். திரையில் இரண்டு பொம்மைகளும் குடத்தோடு நின்றன. கொஞ்ச நேரம் அவர் தன் மனைவி போட்டுத் தந்த டீயைப் பற்றிச் சொன்னார். வல்லி மகளின் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். அவர் பதில் சொல்வது மெல்ல மெல்லக் குறைந்து, “ம்” என்று ஆனது. அப்புறம் அதுவும் இல்லை.

“சார்?”

நீளமாக ஒரு மூச்சு வந்தது, அதன் பின்னால் சின்னக் குறட்டை.

வல்லிக்குச் சுருக்கென்றது. இப்படியே தூங்கினால் அவர் விரல் தகட்டிலிருந்து நழுவிவிடும். நழுவினால் தோற்ற கணக்கு. அவளுடைய காய்ச்சல் அசதியும் கால் கனமும் ஊசி மயக்கமும் எல்லாமாகப் போய் அவர் மேல் விழும். அவர் எப்போதும் போல ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவராகிவிடுவார்.

கருவியை உதட்டருகே கொண்டுபோனாள். அவர் காதில் விழாமல், கருவிக்கு மட்டும் கேட்கும்படி, “அம்பேல்” என்றாள்.

ஆட்டம் நின்றது. எங்கோ தொலைவில், அரக்கோணத்தில், ஏதோ மெத்தென்று மடியில் விழுகிற சத்தம் கேட்டது. குறட்டை தொடர்ந்தது. அவர் தன்னுடைய அசதியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

வல்லி கருவியை அணைக்காமல் தலையணை ஓரம் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். கால் வலித்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் அசதியாக இருந்தது. அது அவளுடையதுதான்.